"மூணு நாளா காய்ச்சல்": இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?

வேலூரில் ஆஸ்பத்திரிப் பக்கத்துத் தெருக்களில் நாள் முழுக்கக் காதில் விழுகிற கேள்வி ஒன்று உண்டு. "எத்தனை நாளா?" எத்தனை நாளா காய்ச்சல், எத்தனை நாளா இந்த மாத்திரை, எத்தனை நாளா இந்த லாட்ஜில் இருக்கீங்க. கொல்கத்தாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்களிடம் இதைத் தமிழில் கேட்க முடியாது. கொஞ்சம் இந்தி, கொஞ்சம் பெங்காலி, மீதி இங்கிலீஷ் என்றுதான் பேச்சு ஓடும். அந்த இங்கிலீஷில் எத்தனையோ பேர் தடுக்கி விழுகிற இடம் இந்த "எத்தனை நாளா".

காட்பாடியில் நான் சாயங்காலம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் லாட்ஜ் கவுண்டரிலும் மருந்துக் கடையிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள். அதில் ஒரு பையன், ஒரு லாட்ஜில் ராத்திரி டியூட்டி. ஷில்லாங்கிலிருந்து அம்மாவை அழைத்து வந்திருந்த ஒரு பெண் அறையைக் காலி செய்ய வந்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குப் படுக்கை கிடைத்துவிட்டதாம். ரெஜிஸ்டரில் அவர் வந்த தேதியை யாரோ எழுதாமல் விட்டிருந்தார்கள். இவன் மரியாதையாகக் கேட்டிருக்கிறான்: 'ஹவ் லாங் ஆர் யூ ஹியர், மேடம்?' அவர் 'டென் டேஸ்' என்றார். இவன் பத்து நாள் வாடகையைக் கூட்டிப் பில்லை நீட்டிவிட்டான். அவர் வந்ததோ முந்தாநாள்.

ஏமாற்றப் பார்க்கிறான் என்று அந்தப் பெண்ணுக்குக் கோபம். பொய் சொல்கிறார் என்று இவனுக்குக் கோபம். உண்மையில் இருவரும் நேர்மையாகத்தான் பேசினார்கள். 'ஹவ் லாங் ஆர் யூ ஹியர்?' என்றால் இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவர் காதில் "இங்க எத்தனை நாள் இருப்பீங்க?" என்றுதான் பெரும்பாலும் விழும். வேலூரில் மொத்தம் பத்து நாள் தங்கப்போகிறேன் என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். "எத்தனை நாளா இருக்கீங்க?" என்று கேட்க வேண்டுமானால் 'ஹவ் லாங் ஹேவ் யூ பீன் ஹியர்?' என்று கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் வகுப்பில் அவன் என்னிடம் கேட்டான்: "சார், 'இருக்கீங்க'ன்னா 'ஆர்' தானே? நான் கேட்டதுல என்ன தப்பு?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தமிழை ஒரு நிமிடம் கவனியுங்கள். நாம் யோசிக்காமலே சொல்கிற மூன்று வாக்கியங்கள்:

"மூணு நாள் காய்ச்சல் இருந்துச்சு."
"மூணு நாளா காய்ச்சல் இருக்கு."
"மூணு நாளைக்குக் காய்ச்சல் இருக்கும்."

"நாள்", "நாளா", "நாளைக்கு". முதலாவதில் காய்ச்சல் வந்தது, போய்விட்டது. இரண்டாவதில் வந்தது, இன்னும் போகவில்லை. மூன்றாவதில் இனிமேல்தான். "நாளா" என்பதில் இருக்கிற அந்த ஒற்றை 'ஆ' எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது பாருங்கள். முன்பு எப்போதோ தொடங்கியதைப் பிடித்து இந்த நிமிடம் வரை இழுத்துக்கொண்டு வருகிறது. எழுத்துத் தமிழில் "நாட்களாக" என்று எழுதுவோமே, அந்த "ஆக"தான் பேச்சில் 'ஆ' ஆகியிருக்கிறது. என்னைக் கேட்டால், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் இலக்கணம் தொடங்குவதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு இந்த 'ஆ'வைக் காட்ட வேண்டும்.

இங்கிலீஷில் இந்த 'ஆ' இல்லை. அங்கே மூன்றுக்கும் ஒரே சொல்தான், 'ஃபார் த்ரீ டேஸ்'. அப்படியானால் முடிந்துபோனதா, இன்னும் இருக்கிறதா, இனி வரப்போகிறதா என்பதை எது சொல்கிறது? வினைச்சொல் சொல்கிறது. தமிழில் 'ஆ' தூக்குகிற சுமையை இங்கிலீஷில் வினைச்சொல் தூக்குகிறது.

'ஐ ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்': மூணு நாள் இருந்துச்சு, இப்போது இல்லை.
'ஐ ஹேவ் ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்': மூணு நாளா இருக்கு.

'ஹேவ்' என்ற ஒரு சின்ன அசைதான் வித்தியாசம். டாக்டர் முன்னால் உட்கார்ந்து 'ஐ ஹேட் ஃபீவர்' என்று சொல்கிறவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று டாக்டர் எடுத்துக்கொண்டால் அது டாக்டர் குற்றமில்லை. இலக்கணத் தப்புகளில் பல, கேட்கிறவர் சமாளித்துப் புரிந்துகொள்கிற தப்புகள். இது அப்படியில்லை. எதிரே இருப்பவர் வேறொன்றைப் புரிந்துகொண்டு தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அதனால்தான் இந்த ஒரு வாக்கிய அமைப்புக்கு நான் வகுப்பில் இரண்டு வாரம் ஒதுக்குகிறேன்.

மருந்துக் கடைக் கவுண்டரில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். கையில் ஒரு மாத்திரை அட்டை. கடைக்காரர் சொல்கிறார்: 'டேக் திஸ் ஃபார் ஃபைவ் டேஸ்.' அஞ்சு நாளைக்குச் சாப்பிடுங்க. வாங்க வந்தவர் சொல்கிறார்: 'ஐ ஹேவ் பீன் டேக்கிங் திஸ் ஃபார் ஃபைவ் டேஸ்.' அஞ்சு நாளா சாப்பிட்டுகினு இருக்கேன். பக்கத்தில் நிற்கிற இன்னொருவர் சொல்கிறார்: 'ஐ டுக் திஸ் ஃபார் ஃபைவ் டேஸ்.' அஞ்சு நாள் சாப்பிட்டேன், அப்புறம் விட்டுட்டேன். மாத்திரையும் ஒன்று, 'ஃபார் ஃபைவ் டேஸ்' என்பதும் ஒன்று. வினை மட்டும் மாறுகிறது. கடைப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்வது இதுதான்: வாடிக்கையாளர் சொல்லும் எண்ணை மட்டும் காதில் வாங்காதீர்கள், அதற்கு முன்னால் வருகிற 'ஹேவ் பீன்' இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் வேகமான பேச்சில் 'ஐ ஹேவ்' என்பது 'ஐவ்' என்று சுருங்கிவிடும். 'பீன்' என்பது 'பின்' என்று குறுகிவிடும். 'ஐவ் பின் டேக்கிங் திஸ்' என்று ஓடுகிற பேச்சில் அந்த 'வ்' உதட்டைத் தொட்டுவிட்டு மறைந்துபோகும். முதல் சில நாட்கள் அது காதில் விழாது. தேடித் தேடிக் கேட்டால் விழ ஆரம்பிக்கும்.

சரி, இப்போது 'சின்ஸ்'. நம் ஊரில் மிக அதிகமாகக் கேட்கிற தப்பு இது: 'ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் த்ரீ டேஸ்.' இதில் இரண்டு தப்பு. 'ஐ ஆம் ஹேவிங்' என்பது ஒன்று, அங்கே 'ஐ ஹேவ் ஹேட்' வர வேண்டும் என்று மேலே பார்த்தோம். 'சின்ஸ் த்ரீ டேஸ்' என்பது மற்றொன்று.

'ஃபார்' எங்கே, 'சின்ஸ்' எங்கே என்பதற்கு இலக்கணப் புத்தகங்களில் ஒரு விதி இருக்கும். காலத்தின் அளவு சொன்னால் 'ஃபார்', காலத்தின் தொடக்கப் புள்ளி சொன்னால் 'சின்ஸ்'. விதி சரிதான். ஆனால் பேசுகிற அவசரத்தில் அளவா புள்ளியா என்று யார் யோசித்துக்கொண்டிருப்பது? யோசிக்கவும் தேவையில்லை. இந்த வேறுபாடு நம் நாக்கில் ஏற்கெனவே இருக்கிறது.

சொல்லிப் பாருங்கள். "ஒரு வாரமா இருமல்." "போன வாரத்திலேருந்து இருமல்." "ரெண்டு மணி நேரமா நிக்கறேன்." "ரெண்டு மணியிலேருந்து நிக்கறேன்." "ரொம்ப வருஷமா தெரியும்." "சின்ன வயசுலேருந்து தெரியும்." இங்கே எங்காவது உங்களுக்கு 'ஆ'வும் 'லேருந்து'வும் குழம்பியதா? "நேத்தா காய்ச்சல்" என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லாது. நேத்துலேருந்து என்றுதான் சொல்லும். காலத்தின் அளவுக்கு 'ஆ', தொடக்கப் புள்ளிக்கு 'லேருந்து'. இங்கிலீஷ்காரர்கள் 'ஃபார்', 'சின்ஸ்' என்று பிரிப்பதும் இதே கோட்டில்தான்.

ஆகவே, தமிழில் 'ஆ' வந்தால் 'ஃபார்'. 'லேருந்து' வந்தால் 'சின்ஸ்'. ஒரு வாரமா, 'ஃபார் எ வீக்'. போன வாரத்திலேருந்து, 'சின்ஸ் லாஸ்ட் வீக்'. ரெண்டு மணி நேரமா, 'ஃபார் டூ அவர்ஸ்'. ரெண்டு மணியிலேருந்து, 'சின்ஸ் டூ'. ரொம்ப நாளா, 'ஃபார் எ லாங் டைம்'. ('சின்ஸ் லாங் டைம்' என்பதை இன்றோடு விட்டுவிடலாம்.) சிலர் "மூணு நாளிலேருந்து" என்றும் பேசுவதுண்டு. பழகும் வரை அதை ஒதுக்கி வைத்துவிட்டு "மூணு நாளா" என்றே மனதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

தமிழில் இவ்வளவு தெளிவாகப் பிரித்துப் பேசுகிற நாம் இங்கிலீஷில் மட்டும் ஏன் 'சின்ஸ் த்ரீ டேஸ்' என்கிறோம்? எனக்குத் தெரிந்து முக்கியக் காரணம், 'ஃபார்' என்ற சொல்லை நாம் படித்த விதம். பள்ளியில் 'ஃபார்' என்றால் "க்காக" என்று எழுதி மனப்பாடம் செய்தோம். 'ஃபார் யூ' என்றால் உனக்காக, 'ஃபார் மீ' என்றால் எனக்காக. அது மண்டையில் உட்கார்ந்துவிட்டதால், 'ஃபார் த்ரீ டேஸ்' என்றால் "மூணு நாளுக்காக" என்று ஒலிக்கிறது. காய்ச்சல் எதற்கு மூணு நாளுக்காக வரப்போகிறது? பொருந்தாதது போல் தோன்றுவதால் கை 'சின்ஸ்' பக்கம் போகிறது. இவ்வளவுக்கும் 'ஃபார் டூ டேஸ்' என்று நாம் எல்லோருமே சரியாக எழுதியிருக்கிறோம். லீவ் லெட்டரை நினைத்துப் பாருங்கள். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கி, 'கிரான்ட் மீ லீவ் ஃபார் டூ டேஸ்' என்று முடிப்போமே. அது "ரெண்டு நாளைக்கு". முன்னால் போகிற 'ஃபார்' நமக்குப் பழக்கம். பின்னாலிருந்து வருகிற 'ஃபார்', அதாவது "ரெண்டு நாளா", யாரும் காட்டிக் கொடுக்காததால் பழகவில்லை.

இன்னொரு காரணம், நம்மைச் சுற்றி இருக்கிற மொழிகள். வேலூர் மாதிரி ஊரில் இது எளிதில் பிடிபடும். வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று உருது பேசுகிற குடும்பங்கள் நிறைய. குடியாத்தம் தாண்டினால் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்கு. உருதுவிலும் இந்தியிலும் 'தீன் தின் ஸே புகார் ஹை' என்பார்கள், 'கல் ஸே புகார் ஹை' என்றும் சொல்வார்கள். மூணு நாளா, நேத்துலேருந்து, இரண்டுக்கும் ஒரே 'ஸே'. தெலுங்கிலும் 'மூடு ரோஜுல நுஞ்சி', 'நின்னட்டி நுஞ்சி' என்று இரண்டுக்கும் ஒரே 'நுஞ்சி' வரும். அந்த மொழிகளில் யோசித்து இங்கிலீஷ் பேசுகிறவர்களுக்கு 'சின்ஸ் த்ரீ டேஸ்' தானாக வந்துவிடும். அது இந்தியா முழுக்கப் பரவி, ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் கேட்டுக் கேட்டு, நம் காதுக்கும் சரி என்று பட்டுவிட்டது. பெங்காலியில் பாருங்கள், நம்மைப் போலவே பிரிப்பார்கள். மூணு நாளா காய்ச்சல் என்பதற்கு 'தின் தின் தோரே ஜோர்'. நேத்துலேருந்து என்பதற்கு 'கால் தேக்கே'. 'தோரே' நம் 'ஆ', 'தேக்கே' நம் 'லேருந்து'. லாட்ஜ் கவுண்டரின் இந்தப் பக்கம் தமிழர், அந்தப் பக்கம் வங்காளி, இருவர் தாய்மொழியிலும் இந்த வேறுபாடு சுத்தமாக இருக்கிறது. நடுவில் இங்கிலீஷில் பேசும்போது இருவருமே அதைத் தொலைத்துவிடுகிறார்கள். இதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

'லேருந்து' விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. நம் 'லேருந்து' இடத்துக்கும் வரும், காலத்துக்கும் வரும். "ஆம்பூர்லேருந்து வர்றேன்", "காலையிலேருந்து காத்துகினு இருக்கேன்." இடத்துக்கு 'ஃப்ரம்', இன்னும் தொடர்கிற காலத்துக்கு 'சின்ஸ்'. 'ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃப்ரம் மார்னிங்' என்று நிறையப் பேர் சொல்வது இந்தக் குழப்பத்தால்தான். காலத்துக்கு 'ஃப்ரம்' வரக்கூடாது என்றில்லை. "ஒன்பதிலேருந்து அஞ்சு வரைக்கும்" என்று இரண்டு கரையும் தெரியும்போது 'ஃப்ரம் நைன் டு ஃபைவ்' என்று வரும். அந்தக் கரை மட்டும் தெரிந்து, இந்தக் கரை "இப்போது" என்றால் 'சின்ஸ்'.

'சின்ஸ்' பின்னால் என்ன வரும் என்று சந்தேகம் வந்தால் கடைத்தெருவில் நடந்து போங்கள். பழைய கடைகளின் போர்டில் பெயருக்குக் கீழே 'சின்ஸ்' என்று போட்டு ஒரு வருஷத்தை எழுதியிருப்பார்கள். வருஷத்தைத்தான் எழுதுவார்கள், 'சின்ஸ் 50 இயர்ஸ்' என்று எழுதியிருக்காது. கடை திறந்த வருஷம் ஒரு புள்ளி. அன்றிலிருந்து இன்று வரை கடை நடக்கிறது.

அதே மாதிரி நம் ஊர் வரலாற்றை வைத்தே வாக்கியம் அமைத்துப் பழகலாம். என் வகுப்பில் நான் அப்படித்தான் செய்கிறேன். புத்தகத்தில் வருகிற லண்டன் மழையைவிட இது பிள்ளைகளுக்கு ஒட்டுகிறது. 1900-இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது. ஆகவே 'சி.எம்.சி. ஹேஸ் பீன் ட்ரீட்டிங் பேஷன்ட்ஸ் சின்ஸ் 1900.' ஐடா ஸ்கடர் 1960-இல் காலமாகிவிட்டார். ஆகவே அவரைப் பற்றிச் சொல்லும்போது 'ஷி வொர்க்ட் இன் வேலூர் ஃபார் மெனி இயர்ஸ்.' அங்கே 'ஹேஸ்' போடக்கூடாது. பல வருஷம் வேலை செய்தார், பல வருஷமா வேலை செய்கிறார், இரண்டும் வேறு. கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நெடுங்காலம் மூலவர் இல்லை. 1981-இல் மறுபடி பிரதிஷ்டை செய்தார்கள். இன்றும் பூஜை நடக்கிறது. 'த டெம்பிள் ஹேஸ் பீன் ஓப்பன் ஃபார் வொர்ஷிப் சின்ஸ் 1981.' ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயின. 'ராணிப்பேட்டை ஹேஸ் பீன் எ டிஸ்ட்ரிக்ட் சின்ஸ் 2019.' சரி, பழைய வட ஆற்காடு மாவட்டம்? அது 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. வேலூரும் திருவண்ணாமலையும் அதுவரை ஒரே மாவட்டத்தில் இருந்தன. முடிந்துபோன கதை. ஆகவே 'வேலூர் அண்ட் திருவண்ணாமலை வேர் இன் ஒன் டிஸ்ட்ரிக்ட் டில் 1989.' வெறும் 'வேர்'. 'ஹேவ் பீன்' இல்லை. தாத்தா பாட்டி இன்னும் "நார்த் ஆற்காடு" என்று சொல்வதற்கெல்லாம் இங்கிலீஷ் இலக்கணம் இடம் கொடுக்காது.

அடுத்தது, 'ஹேவ் பீன்' பின்னால் 'இங்' எப்போது போடுவது, எப்போது கூடாது. இதற்கும் நம் ஊர்ப் பேச்சிலேயே ஒரு சோதனை இருக்கிறது. மற்ற ஊர்களில் "கிட்டு" என்பதை நாம் இங்கே "கினு" என்போமே, அந்தக் 'கினு'தான். தமிழில் "கினு இருக்கேன்" ஒட்டுகிற வினைக்கு 'இங்' பெரும்பாலும் ஒட்டும். காத்துகினு இருக்கேன், 'ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்'. வேலை செஞ்சிகினு இருக்கேன், 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்'. இருமிகினு இருக்கார், 'ஹி ஹேஸ் பீன் காஃபிங்'. இப்போது "தெரியும்" என்பதை எடுங்கள். "அவரைப் பத்து வருஷமா தெரிஞ்சிகினு இருக்கேன்" என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். "பத்து வருஷமா தெரியும்" என்பார்கள். இங்கிலீஷிலும் 'இங்' ஒட்டாது. 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.' "பிடிக்கும்", "வேணும்" ஆகியவையும் அப்படியே. 'லைக்', 'வான்ட்' இரண்டும் 'இங்' பக்கம் அதிகம் போவதில்லை. காய்ச்சல் "இருக்கு", சர்க்கரை "இருக்கு" என்று நோயைச் சொல்லும்போதும் 'ஹேவ் ஹேட்' போதும். 'மை ஃபாதர் ஹேஸ் ஹேட் டயபெட்டிஸ் ஃபார் டுவென்டி இயர்ஸ்.' ஒரே 'ஹேவ்' இரண்டு தடவை வருகிறதே என்று கூச்சப்படாதீர்கள். முதலாவது அந்த 'ஆ' செய்கிற வேலையைச் செய்கிறது, இரண்டாவது "இருக்கு" என்பதைச் சொல்கிறது. 'கினு' சோதனை சில இடங்களில் கைவிடும். "நம்பிகினு இருக்கேன்" என்று தமிழில் தாராளமாகச் சொல்வோம், ஆனால் 'பிலீவிங்' என்று இங்கிலீஷில் சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்டவை குறைவு, கேட்கக் கேட்கப் பழகிவிடும்.

இல்லை என்று சொல்லும்போது தமிழ் கொஞ்சம் ஏமாற்றும். "நேத்து சாப்பிடலை", "நேத்துலேருந்து சாப்பிடலை", இரண்டிலும் ஒரே "சாப்பிடலை". இங்கிலீஷில் இரண்டும் வேறு. நேத்து மட்டும் என்றால் 'ஐ டிட்ன்ட் ஈட் யெஸ்டர்டே'. நேத்துலேருந்து இப்போது வரை என்றால் 'ஐ ஹேவன்ட் ஈட்டன் சின்ஸ் யெஸ்டர்டே'. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறீர்களா என்று லேபில் கேட்கும்போது இந்த இரண்டாவது வாக்கியம்தான் வேண்டும்.

"வந்ததிலேருந்து", "கல்யாணம் ஆனதிலேருந்து" மாதிரி ஒரு செயலையே தொடக்கப் புள்ளியாகச் சொல்வோம் இல்லையா, அங்கே தமிழும் இங்கிலீஷும் கைகோத்துப் போகின்றன. "வந்த" என்பது இறந்த காலம். இங்கிலீஷிலும் அந்த இடத்தில் இறந்த காலம். "வேலூருக்கு வந்ததிலேருந்து தலைவலி", 'ஐ ஹேவ் ஹேட் எ ஹெடேக் சின்ஸ் ஐ கேம் டு வேலூர்.' "மாத்திரையை மாத்தினதிலேருந்து தூக்கம் இல்லை", 'ஐ ஹேவன்ட் ஸ்லெப்ட் வெல் சின்ஸ் தே சேஞ்ச்ட் த டேப்லட்.' சின்ன வயசுலேருந்து என்பது மட்டும் ஒரு முழு வாக்கியமாக மாறும், 'சின்ஸ் ஐ வாஸ் எ சைல்ட்'. "ராத்திரி பூரா", "நாள் முழுக்க" என்பவற்றுக்கு 'ஃபார்' 'சின்ஸ்' இரண்டும் வேண்டாம். 'ஆல் நைட்', 'ஆல் டே' போதும்.

கேள்வி கேட்கும்போது 'சின்ஸ் ஹவ் மெனி டேஸ்?' என்று நீட்ட வேண்டியதில்லை. "எத்தனை நாளா", "எவ்வளவு நேரமா", "எத்தனை வருஷமா" எல்லாவற்றுக்கும் 'ஹவ் லாங்' ஒன்றே போதும். "எப்போலேருந்து" என்று கேட்க 'சின்ஸ் வென்?' என்று இலக்கணம் அனுமதிக்கும். ஆனால் அதைத் தனியாக, வெடுக்கென்று சொன்னால் "எப்போலேருந்துப்பா இதெல்லாம்?" என்று தட்டிக் கேட்கிற தொனி வந்துவிடும். நோயாளியிடம் அப்படிக் கேட்பது அழகில்லை. 'வென் டிட் இட் ஸ்டார்ட்?' என்று கேளுங்கள். எப்போ ஆரம்பிச்சது? மென்மையாகவும் இருக்கும், பதிலும் தெளிவாக வரும்.

'ஹேட் பீன்' என்று ஒன்று உண்டு. "நாங்க போனப்போ அவர் ரெண்டு மணி நேரமா காத்துகினு இருந்தார்" என்று பழைய கதைக்குள் வருகிற 'ஆ'வுக்கு அது. கதை சொல்லும்போது தேவைப்படும். கவுண்டரில் அதிகம் தேவைப்படாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக "நாளாச்சு". தமிழில் மிக அழகான சொல் இது. "பார்த்து எவ்வளவு நாளாச்சு!" "அவர் ஊருக்குப் போய் ஒரு மாசமாச்சு." இதற்கு இங்கிலீஷில் 'இட் ஹேஸ் பீன்' என்று தொடங்குவார்கள், பேச்சில் 'இட்ஸ் பீன்'. 'இட்ஸ் பீன் எ மன்த் சின்ஸ் ஹி லெஃப்ட்.' 'இட்ஸ் பீன் எ லாங் டைம்.' ஆளைக் குறிப்பிடாமல் காலத்தையே எழுவாயாக வைத்துப் பேசுகிற முறை. "மாசமாச்சு" என்பதிலும் ஆனது மாசம்தான், ஆள் இல்லை.

சி.எம்.சி.க்கு வருகிறவர்கள் ஒரு தடவையோடு நிற்பதில்லை. ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து ரிவ்யூ என்று மறுபடி வருவார்கள், பழகிய லாட்ஜுக்கே வருவார்கள். அந்த ராத்திரி டியூட்டிப் பையனிடம் நான் ஒரு வாக்கியத்தை மட்டும் தினம் சொல்லிப் பார்க்கச் சொல்லியிருந்தேன். 'ஹவ் ஹேவ் யூ பீன்?' நாம் தினம் கேட்கிற 'ஹவ் ஆர் யூ' இல்லை. அது இப்போது எப்படி இருக்கீங்க என்று கேட்பது. இது, நாம் கடைசியாகப் பார்த்ததிலேருந்து இத்தனை நாளா எப்படி இருந்தீங்க என்று கேட்பது. போன மாதம் அசன்சோலிலிருந்து ஒரு வயதான தம்பதி ரிவ்யூவுக்கு வந்திருக்கிறார்கள். காட்பாடியில் ரயில் இறங்கி, ஆட்டோ பிடித்து, பெட்டியோடு உள்ளே நுழைந்தவர்களிடம் இவன், 'தாதா, இட்ஸ் பீன் எ இயர். ஹவ் ஹேவ் யூ பீன்?' என்றிருக்கிறான். (பெங்காலியில் 'தாதா' என்றால் அண்ணா.) அந்தப் பெரியவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அறைச் சாவியைக்கூடக் கேட்காமல், அந்த ஒரு வருஷத்தையும் கவுண்டரில் நின்றபடியே சொல்ல ஆரம்பித்துவிட்டாராம்.